எச்சரிக்கையும் பிழையும்



கரூரிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதை எங்கள் எரியோட்டின் வழியே செல்கின்றது. மஞ்சள் விளக்கைக் கண்ட ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்துவதில்லை. அடுத்த விளக்கு சிவப்பாயிருக்கலாம் என்று வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். வண்டிதான் ஓடுகிறதே என்று மஞ்சளைப் புறக்கணிப்பாரும் இலர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடம் அந்த விழிப்பு குறைவு. என்னிடமே அது குறைவாக இருந்தது.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அவற்றில் இடம்பெற்றிருந்தது. அதன் சாளரங்கள் 'ஜி.டி.கே.' என்னும் கருவித்தொகுப்பைக் கொண்டு அமைந்தவை. அமெரிக்காவில் பெர்க்லியில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள், 'கிம்ப்' என்ற படம் திருத்தும் நிரலுக்காகத் தொடங்கியது அத்தொகுப்பு. ஐம்பதைக் கடந்த வயதில், என் மாணவன் ஒருவனிடமே பாடம் கேட்டு, தேர்வு முடிவு காட்டும் நிரல் ஒன்றை அதில் எழுதினேன்.

பெயரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினேன். 'தேர்ச்சி' என்று வந்தது. அடுத்த பெயருக்கும் 'தேர்ச்சி'. கணக்கில் இருபத்திரண்டு மதிப்பெண் பெற்ற பையனுக்கும் அதுவே! அவன் அதைக் கண்டு தன் தாயாரிடம் சொல்ல ஓடிவிட்டான்.

நடந்தது இதுதான். சாளரத்தை வரையும்போது, முடிவு தோன்றும் இடத்தில் மாதிரிக்காகத் 'தேர்ச்சி' என்று எழுதிவைத்திருந்தேன். நிரலில் அவ்விடத்தின் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு குறித்துவிட்டேன். அப்பெயரில் எதுவும் இல்லாமையால், எழுதச் சொன்ன கட்டளை ஒன்றும் செய்யாமல் திரும்பியது. பழைய சொல் அப்படியே நின்றது. ஜி.டி.கே. வாளாவிருக்கவில்லை, ஒவ்வொரு முறையும் 'கிரிட்டிக்கல்' என்று எச்சரித்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை செல்லுமிடம் முனையத்திரை. சின்னத்தைச் சொடுக்கி நிரலைத் திறப்பவர் கண்ணில் அது படாது. முனையத்தில் நான் அதை முன்பே கண்டிருந்தேன். "நிரல்தான் ஓடுகிறதே" என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு பாகுபாட்டை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். கோப்பு காணவில்லை, வட்டில் இடமில்லை என்பன நிரல் எழுதியவர் குற்றமல்ல, எவருக்கும் நேரக்கூடியவை. அவற்றுக்கென 'ஜி-எரர்' என்னும் அமைப்பு உண்டு. அது பிழையின் வகையையும் எண்ணையும் விளக்கத்தையும் சுமந்து வரும். அதைப் பெற்று, எந்தக் கோப்பு, என்ன தடை என்று பயனருக்குத் தெளிவாகச் சாளரத்தில் சொல்ல வேண்டும். வெறுமனே 'பிழை' என்று காட்டுவது, விடைத்தாளில் காரணம் எழுதாமல் சுழி போடும் ஆசிரியர் செயலை ஒக்கும். என் எழுத்துப் பிழையோ நிரலர் குற்றம். அதைப் பயனரிடம் முறையிட்டுப் பயனில்லை. எழுதியவரே காண வேண்டும்.

காண்பதற்கும் வழி உண்டு. 'ஜி-டிபக்' என்னும் சூழல் மாறிக்கு 'ஃபேட்டல்-வார்னிங்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து நிரலை ஓட்டினால், முதல் எச்சரிக்கையிலேயே அது நின்றுவிடும். மஞ்சளைச் சிவப்பாக்கும் உபாயம் இது. சோதிக்கும்போது மட்டும் இதைக் கையாளுங்கள். பிறர் கையில் கொடுத்த பின் வேண்டாம்.

அன்றிரவே ஓர் எழுத்தைத் திருத்தினேன். முடிவு சரியாக வந்தது. மறுநாள் காலை அப்பையன் வீட்டுக்குச் சென்று, பிழை என்னுடையது என்று அவன் தாயாரிடம் சொன்னேன். அந்த அம்மையார் மோர் கொடுத்தார். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.