நம் கட்டிடத்துக்கு வயது என்ன?

இடித்துக் கட்டலாமா என்ற பேச்சு வந்ததும், "நம்ம பிளாட்டுக்கு எத்தனை வயசு?" என்று விசாரித்தேன். ஒருவர் முப்பது என்றார், இன்னொருவர் நாற்பது என்றார்.

கிரயப் பத்திரத்தில் இருப்பது வாங்கிய தேதி. கட்டிய தேதி அல்ல. நிலம் கைமாறிய கதைக்கு வில்லங்கச் சான்றிதழ். பல பதிவுகளை பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்; அங்கே கிடைக்காத பழைய பதிவுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும்.

திட்ட அனுமதி கட்டுவதற்கு முன் வருவது. முதல் சொத்துவரி ரசீது கட்டிய பின் வருவது. இடைப்பட்ட காலத்தில்தான் கட்டிடம் எழும்பியிருக்கும்.

மூலப்பத்திரம் இல்லாமல் கடனுக்கு அலைந்தவர்களை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பரணில் கிடக்கும் பழைய காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். முதலில் குடிவந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.