கேளாத பிள்ளையும் நம் பங்கும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாளில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

குடும்ப நாளில் பேச வேண்டும் என்று சாமியார் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. உப்பளத்து ஊர்களிலும் தேரிக்காட்டு ஊர்களிலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். அக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்று இன்னும் என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1991-ஆம் ஆண்டு. என் நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கேள்வி கேட்டால் பக்கத்துப் பையனின் முகத்தைப் பார்ப்பான். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். பிரம்பாலும் அடித்திருக்கிறேன். "மந்தம்" என்று என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினேன். ஆறு மாதம் கழிந்தபின் ஒருநாள் அவன் அருகில் குனிந்து சிலேட்டைப் பார்த்தபோது ஒரு துர்நாற்றம் வீசியது. காதில் பஞ்சு அடைத்திருந்தான். பஞ்சு முழுவதும் சீழ். விசாரித்தால், மூன்று வயதிலிருந்தே அப்படித்தானாம். முன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் பாதிப் பாடமாவது அவன் காதில் விழுந்திருக்கும். நான் அதை உணர்ந்த மறு ஆண்டே அவன் படிப்பை விட்டு அப்பனோடு உப்பளத்துக்குப் போய்விட்டான்.

ஆகவே நான் பேச வந்திருப்பது அறிவாளியாக அல்ல, குற்றம் செய்தவளாகத்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

காதில் சீழ் வடிவதை நம் ஊர்களில் யாரும் நோயாகவே கருதுவதில்லை. "பிள்ளைக்குக் காது ஒழுகுது, வளர வளரச் சரியாயிரும்" என்பார்கள். நம் தொண்டைக்குப் பின்னாலிருந்து நடுச்செவிக்கு ஒரு சிறு குழாய் செல்கிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளி பிடித்தால் கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும். உள்ளே சீழ் கட்டி, செவிப்பறை கிழிந்து வெளியே வடியும். உடனே மருத்துவம் பார்த்தால் பெரும்பாலும் ஆறிவிடும். விட்டுவிட்டால் ஓட்டை நிலைத்து, கேள்வித்திறன் குறைந்துகொண்டே போகும். அடுப்புப் புகை, ஒரே அறையில் பத்துப் பேர், சத்துக் குறைவு, மருத்துவமனைக்குத் தூரம் என்று ஏழை வீட்டில் இருப்பவை எல்லாம் இந்நோய்க்குத் துணை. நாமோ காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறோம், பச்சிலைச் சாற்றைப் பிழிகிறோம், கோழி இறகால் குடைகிறோம். தாய்மார்களே, ஒழுகும் காதில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 3 கோடியே 40 இலட்சம் சிறுவர்களுக்கு வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறை இருக்கிறது. சிறுவர்களின் செவிக்குறையில் 100-க்கு ஏறத்தாழ 60 தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா என்ற அம்மை அவற்றில் ஒன்று. தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். குழந்தைக்கோ செவி, கண், இதயம் மூன்றும் கெடலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, வாட்ஸப்பில் வந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளை அன்று பள்ளிக்கு அனுப்பாத வீடுகள் நம்மிடையேயும் இருந்தன. நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுவதற்கு ஆயரிடம் விதிவிலக்கு கேட்டுப் பங்கு அலுவலகத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது சாமியாருக்குத் தெரியும். ஒரே வம்சத்தில் மறைந்திருக்கும் குறை, தாய் தந்தை இருவர் வழியாகவும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். சொந்தத்தில் கட்டியவர்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் இது வரும் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளில் பிறக்கும் குழந்தையின் காதைப் பிறந்தவுடனே பரிசோதிப்பது கட்டாயம் என்றுதான் சொல்கிறேன்.

இனி, பிறவியிலேயே காது கேளாத பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். அவளுடைய தாயின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

2014-இல் அந்தத் தாய் தன் மகளை என்னிடம் கூட்டிவந்தார். பிள்ளைக்கு நாலு வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது "ங்கா" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் காது நன்றாக இருக்கிறது என்றே வீட்டில் நினைத்துவிட்டார்கள். (காது கேளாத குழந்தையும் தொடக்கத்தில் அப்படிக் குரல் எழுப்பும், தன் குரலே தனக்குக் கேளாததால் நாளடைவில் அது குறைந்துபோகும்.) தட்டைக் கீழே போட்டால் திரும்பிப் பார்ப்பாளாம். தரை அதிர்வதை உணர்ந்து திரும்பியிருக்கலாம். கனத்த ஓசை மட்டும் கொஞ்சம் கேட்டிருக்கவும் கூடும். பாட்டி என்னிடம் சொன்னார்: "டீச்சரம்மா, இவ மாமனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப அவன் வாய மூட முடியல." எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலும் ஒரு மாதம் போயிற்று.

அதற்கு முன்பே, பிள்ளைக்கு இரண்டு வயதில் தாய் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். "பேசும், பொறுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொரு மருத்துவமனையில் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். முதல் தடவை போனபோது கருவியை இயக்குபவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் தடவை பிள்ளைக்குச் சளி. மூன்றாம் தடவை பிள்ளை தூங்கவில்லை; தூங்கினால்தான் அந்தப் பரிசோதனை எடுக்க முடியும். நான்காம் தடவைதான் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். தாய், தகப்பன் இருவருக்கும் அன்றைய உப்பளக் கூலி போய்விடும். இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் இடையில் ஏழு மாதம் ஓடிவிட்டது. பட்டணத்தில் வாழ்பவர் இதை அலட்சியம் என்பார். அந்த வீட்டில் அது அரிசிக் கணக்கு.

இதில் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். மொழி என்பது மூளையில் வேர்விடுவது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில்தான். கருவில் ஆறு ஏழு மாதம் ஆனதுமே குழந்தை தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவேதான் மருத்துவர்கள் 1, 3, 6 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் நிச்சயப்படுத்துதல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். முதல் பரிசோதனை மிக எளிது. நலமான உள்செவி ஒலியைக் கேட்பதோடு, மெல்லிய ஓர் ஒலியைத் திருப்பியும் அனுப்புகிறது என்று 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற அறிஞர் வெளியிட்டார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழ் ஒன்றை வைத்து அந்த மறுஒலியைப் பதிவு செய்கிறார்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது.

அந்தச் சிறுமிக்குக் கருவி கிடைத்தது. மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு நான் அந்த வீட்டுக்குப் போனபோது கருவி பிஸ்கட் டப்பாவுக்குள் ரேஷன் கார்டோடு இருந்தது. "மாட்டுனா கீ கீன்னு கத்துது டீச்சர், பிள்ள பிடுங்கிப் போட்டுருதா" என்றார் தாய். பிள்ளை வளர்ந்திருந்தாள், காதும் வளர்ந்திருந்தது. காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து போனால் கருவி விசில் அடிக்கும். வளரும் பிள்ளைக்கு அந்த அச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. பேட்டரி எங்கள் ஊர்க் கடையில் கிடையாது. உப்புக் காற்றும் வியர்வையும் கருவிக்குள் புகுந்திருந்தன. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் மூடி வைத்தாலே அது நீண்ட நாள் உழைக்கும்.

அன்பார்ந்தவர்களே, கருவி வழங்கும் விழாவில் புகைப்படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் வருகிறார்கள். ஆறாம் மாதத்தில் பேட்டரி தீரும்போது யாரும் வருவதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காக்ளியர் கருவியும் அப்படியே. பல இலட்ச ரூபாய் ஆகும் அந்த அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், சிறு வயதிலேயே வருகிற பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் அறுவை முடிந்தவுடன் பிள்ளை பேசிவிடாது. வாரந்தோறும் பயிற்சி, ஆண்டுக்கணக்கில். சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா என்னும் பள்ளியில் தாயும் பிள்ளையோடு கூடவே வந்து கற்கிறார். தாய்தான் முதல் ஆசிரியை என்பது அவர்கள் முறை. தேரிக்காட்டுத் தாய் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக முடியுமா? ஆகையால் பயிற்சி முறையை நாம்தான் இங்கே கொண்டுவர வேண்டும்.

நாலு வயது தாண்டிக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைக்குச் சைகை மொழி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "சைகை காட்டினால் பேச்சு வராது" என்று அந்தத் தாயை யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். பழைய பயம் அது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்ற நம் குரு ஒருவர், காது கேளாத இரு சகோதரிகளைச் சந்தித்து, அவர்களிடமிருந்தே சைகையைக் கற்று, ஏழைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகை கூடாது என்று தீர்மானித்தது. அதன்பின் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கைகள் கட்டப்பட்டு உட்கார்ந்தார்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. 2015-இல் புதுடெல்லியில் இந்தியச் சைகை மொழிக்கென்றே அரசு ஒரு மையம் நிறுவியது. கருவியும் சைகையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. மொழியே இல்லாமல் பிள்ளை வளர்வதுதான் பகை.

நம் நாட்டில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். பம்பாயில் 1880-களில் காது கேளாதோருக்கு முதல் பள்ளி ஏற்பட்டது லியோ மியூரின் ஆயரின் முயற்சியால். நமக்கு அருகில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் அந்த நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. நம் சகோதர சபையினர் செய்த நல்ல காரியத்தைப் பாராட்ட நமக்கு மனம் வேண்டும்.

இப்போது நம் பங்கு என்ன செய்யலாம்? பெரிய கட்டடம் எதுவும் நான் கேட்கவில்லை. இந்தப் பொன்விழாவில் கோபுரத்துக்கு வண்ணம் பூசியாயிற்று, அது போதும்.

கிளைக் கிராமங்களிலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் சில மாதங்களுக்குள் நாம் இந்த ஆலயத்தில் பார்க்கிறோம். ஞானஸ்நானத்துக்குப் பெயர் பதிய வருகிறார்கள். திருச்சடங்கில் குருவானவர் குழந்தையின் செவியையும் வாயையும் தொட்டு "எப்பத்தா" வழிபாட்டைச் செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். பெயர் பதியும் அந்த நாளிலேயே சிஸ்டர் நாலு கேள்வி கேட்கட்டும். பிறந்தபோது காது பரிசோதனை ஆயிற்றா? எடை குறைந்தோ மஞ்சள் காமாலை கடுமையாகவோ பிறந்த குழந்தையா? பெற்றோர் சொந்தமா? வீட்டில் வேறு யாருக்காவது காது கேளாதா? ஒன்றில் ஐயம் இருந்தாலும் பெயரைத் தனி நோட்டில் எழுதி, மாவட்ட மருத்துவமனையிலுள்ள இளம் குழந்தைகளுக்கான இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2013-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது. அந்த நாளில் பிள்ளைகளை வேறெங்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வின்சென்ட் தெ பவுல் சபையார் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் தரட்டும். மரியாயின் சேனையிலிருந்து விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். சீட்டு எங்கே போடுவது, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல்தான் நம்மவர் பாதி நாள் திரும்பி வருகிறார்கள். சிஸ்டர்களின் மருந்தகத்தில் பேட்டரி வாங்கி வைக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பிள்ளைகளை முன்னால், ஆசிரியர் முகம் தெரியும்படி உட்கார வைக்கலாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள் ஆசிரியர்களே, உதடும் பாடம்தான். திருவிழாவில் பத்து நாளும் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக் கத்தவிடுவதையும், குழந்தைகள் நிற்கும் இடத்தில் வேட்டு போடுவதையும் குறைத்துக்கொண்டால் மற்றவர் காதும் பிழைக்கும்.

அந்தச் சிறுமி பிறகு காது கேளாதோர் பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். பேச்சு அதிகம் வரவில்லை; கையால் பேசுகிறாள், எழுதுகிறாள். தாய் முப்பத்தைந்து வயதுக்கு மேல் சைகை கற்றார். தகப்பனுக்கு இன்னும் "சாப்பிட்டியா", "வா", "போ" மூன்றும்தான் தெரியும். விடுமுறைக்கு வந்த மகள் தன் பள்ளிக் கதைகளை எல்லாம் தாயிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன சொல்லுதா?" என்று நடுநடுவே கேட்பார். போன மாதம் என்னிடம் வந்து, "எனக்கும் ஒண்ணு ரெண்டு சொல்லித் தாங்க டீச்சர்" என்றார். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு மறைக்கல்வி அறையில் சைகை வகுப்பு தொடங்குகிறோம். கற்பிக்கப் போவது அவர் மகளேதான். இதுவரை பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சிஸ்டரிடம் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

அவள் இதோ மூன்றாம் வரிசையில் தாயோடு அமர்ந்திருக்கிறாள். எனக்குக் கைதட்ட நினைப்பவர்கள் இரு கைகளையும் உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.