'பாவங்கள்' என்றால் ஏழைகள்

1956-ல் எல்லை பிரிந்த பிறகும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் நமக்கு இரண்டு பாஷையும் விட்டுப்போகவில்லை. விக்டர் ஹ்யூகோவின் 1862-ஆம் வருஷத்து நாவலை நாலப்பாட்டு நாராயண மேனோன் 'பாவங்கள்' என்று மலையாளத்தில் தந்தார். அங்கே அதற்கு ஏழைகள் என்று அர்த்தம். தமிழ்க் கண்ணால் பார்த்தால் பாபக் கதை! பிரெஞ்சு நாவல் என்றாலே ஒழுக்கக் கேடு என்பது பழைய புகார்தானே. 'மதாம் பொவாரி'க்காக 1857-ல் ஃப்ளொபேரைக் கோர்ட்டிலேயே நிறுத்தினார்கள், விடுதலையானார்.

ஹ்யூகோவின் ஃபான்டீனைப் பாருங்கள். கல்யாணமாகாமல் குழந்தை பெற்றவள் என்று தெரிந்ததும், மேற்பார்வைக்காரி மேயர் பெயரைச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து நீக்கிவிடுகிறாள். தொழிற்சாலை மேயருடையது, அவருக்கு விஷயமே தெரியாது. பிறகு குழந்தைக்காகத் தலைமுடியைப் பத்து பிராங்குக்கும், முன்பற்கள் இரண்டை நாற்பது பிராங்குக்கும் விற்கிறாள், கடைசியில் தன்னையே. வேலை போனது முதலில், வீழ்ச்சி பிறகுதான்.

விஞ்ஞானம் படித்தவன் நான். காரணம் முன்னே, காரியம் பின்னே என்று பழகியவன். ஆனாலும் சர்வீஸில் இருந்தபோது, தற்காலிக ஊழியையான ஒரு பெண்ணைப் பற்றி 'நடத்தை சரியில்லை' என்று வந்த ஃபைலில் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் என்ன ஆனாளோ, இன்றுவரை தெரியாது. சென்ற மாதம் நாவலை மறுபடி வாசித்தபோது, மேயர் வரும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.