தூங்காத சாவி



சாவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே கதவைத் திறந்து, பொத்தானை அழுத்திக் கிளம்பும் கார்கள் இன்று நம் தெருக்களில் சாதாரணம். அதே கார்களில் சிலவற்றுக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டீயரிங்கின் குறுக்கே ஒரு தடித்த இரும்புக் கம்பி பூட்டியிருக்கும். இவ்வளவு மின்னணுப் பாதுகாப்பு உள்ள வண்டிக்கு இந்தக் கம்பி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேவைதான் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

காருக்குள்ளேயே ஒரு ஸ்டீயரிங் பூட்டு உண்டு. சாவி போட்டுத் திருகும் கார்களில், சாவியை உருவிய பிறகு ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால், உள்ளே ஒரு உலோக முளை இறங்கித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். பைக்கில் சைடு லாக் போடுவது மாதிரிதான். 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி இதைச் சட்டமாக்கியது. புதிய கார், பழைய கார் என்ற பேதமில்லாமல் எல்லா வண்டிக்கும் பூட்டு வேண்டும் என்றது. அங்கே கார் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் 1971-ல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். புது வண்டி வாங்க முடிந்தவர் தப்பித்தார், பழைய வண்டிக்காரர் மாட்டிக்கொண்டார். பாதுகாப்பை எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த இரண்டு நாடுகளின் அனுபவம் ஒரு காரணம்.

பொத்தான் கார்களுக்கு வருவோம். இவற்றிலும் பலவற்றில் அந்த முளை உண்டு. ஆனால் அதை இறக்குவதும் ஏற்றுவதும் ஒரு சின்ன மோட்டார். மோட்டாருக்குக் கட்டளை காரின் கணினியிடமிருந்து வருகிறது. சரியான சாவி பக்கத்தில் இருக்கிறது என்று கணினி நம்பிவிட்டால் கதவு திறக்கும், ஸ்டீயரிங் விடுபடும், எஞ்சின் கிளம்பும். முன்பு திருடன் இந்த மூன்றையும் தனித்தனியாக உடைக்க வேண்டியிருந்தது. இப்போது மூன்றும் ஒரே நம்பிக்கையில் தொங்குகின்றன. சிக்கலே இங்கேதான்.

அந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது? நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு குறைந்த அதிர்வெண் சமிக்ஞையை வெளியிடும். அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. உங்கள் பையில் உள்ள சாவி அதைக் கேட்டு, ரகசியக் கணக்கு ஒன்றைப் போட்டு, வேறொரு அலைவரிசையில் விடை அனுப்பும். அந்தக் கணக்கைத் திருடனால் போட முடியாது. அவன் முயல்வதும் இல்லை. இரண்டு பேராக வருவார்கள். ஒருவன் காருக்கு அருகில் ஒரு கருவியோடு நிற்பான். மற்றவன் வீட்டு வாசலருகே இன்னொரு கருவியைப் பிடித்திருப்பான். கார் கேட்கும் கேள்வியை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்பும். அது சுவரைத் தாண்டி, உள்ளே ஆணியில் தொங்கும் சாவிக்குப் போய்ச் சேரும். சாவி சொல்லும் விடையும் அப்படியே காருக்குப் போகும். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் ஏமாந்துபோகும். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. கிளம்பிய பிறகு சாவி தொலைவில் போனாலும் எஞ்சின் நிற்காது. ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

சூரிக் நகரின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல், எட்டு நிறுவனங்களின் பத்து கார்களில் இதைச் செய்து காட்டினார்கள். பத்துமே ஏமாந்தன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே முறையில் கார்கள் விற்கப்பட்டன என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சாவியைத் தேடாத வழியும் உண்டு. லண்டனில் 2022-ல், இயன் டேபர் என்ற வாகன இணையப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்-4 கார் திருட்டுப்போனது. அதற்கு முன்பே முன்பக்க பம்பரை யாரோ இழுத்து, ஹெட்லைட் இணைப்பைக் கழற்றியிருந்தார்கள். அவரும் கென் டிண்டல் என்ற நிபுணரும் துருவிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஹெட்லைட் வயர் வழியாகக் காரின் உள் வலையமைப்புக்குள் நுழைந்து, ‘சாவி சரிதான்’ என்று பொய்ச்செய்தி அனுப்பும் கருவி கள்ளச் சந்தையில் விற்பனைக்கு இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மின்னணுப் பாதுகாப்பே வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாவியில் உள்ள சில்லை அடையாளம் கண்ட பிறகே எஞ்சினைக் கிளம்பவிடும் இம்மொபிலைசர் மிகப் பெரிய காவல். அமெரிக்காவில் 2015-ம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்துக்கு அது இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்துக்குத்தான் இருந்தது. சாவி போட்டுத் திருகும் அந்தக் கார்களின் ஸ்டீயரிங் தண்டின் மூடியைப் பெயர்த்து, ஒரு யுஎஸ்பி முனையைச் செருகித் திருகினால் வண்டி கிளம்பிவிடும் என்பது 2022-ல் டிக்டாக் காணொளிகளில் பரவியது. பல நகரங்களில் பதின்வயதுப் பிள்ளைகளே திருடினார்கள். விபத்துகளில் உயிர்கள் போயின. கனடாவில் 2007 முதலே இம்மொபிலைசர் கட்டாயம். அதனால் அதே நிறுவனங்களின் கார்கள் அங்கே இந்த வழியில் திருடுபோகவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் சட்டம் இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. வேறு விளக்கம் தேவையில்லை. கடைசியில் அமெரிக்காவில் அந்த நிறுவனங்கள் மென்பொருளைத் திருத்தியதோடு, காவல் நிலையங்கள் வழியாக இரும்பு ஸ்டீயரிங் பூட்டுகளை இலவசமாகக் கொடுத்தன.

அந்தக் கம்பியின் பலம் இதுதான்: அது எந்தக் கணினியின் பேச்சையும் கேட்காது. மூன்று பூட்டுகளும் ஒரே பொய்க்கு மயங்கும்போது, இது தனியாக நிற்கும். உடைக்க முடியாததும் அல்ல. ஸ்டீயரிங் வளையத்தையே ரம்பத்தால் அறுத்துக் கம்பியை உருவத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், சத்தம் கேட்கும். கண்ணாடி வழியே பளிச்சென்று தெரிவதால், பலர் தொட்டுப் பார்க்காமலேயே அடுத்த காருக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த காருக்கு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கார்க்காரரும் நம் தெருவாசிதானே. ஆகவே நிரந்தரத் தீர்வு தொழிற்சாலையில்தான் வர வேண்டும். வழியும் தெரிந்ததே. அகன்ற அலைவரிசை நுட்பம் கொண்ட புதிய சாவிகளில், சமிக்ஞை போய்வரும் நேரத்தைக் கார் அளக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் ஆள் நின்று கடத்தினால் விடை தாமதமாகும், கார் கண்டுபிடித்துவிடும். இன்னொரு வழி எளியது: சாவியில் ஓர் அசைவு உணரி. சாவி அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும், யார் கேட்டாலும் விடை சொல்லாது. விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் என்று இவற்றை ஒதுக்காமல், எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் நிறத்தையும் மைலேஜையும் விசாரிப்பதோடு, சாவி தூங்குமா என்றும் கேளுங்கள். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் தாங்களே சோதிக்கலாம். காரைப் பூட்டிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் சாவியை வையுங்கள். பத்து நிமிடம் அதைத் தொடாதீர்கள். பிறகு சாவியை அசைக்காமல் கைப்பிடியை மட்டும் தொடுங்கள். கதவு திறந்துகொண்டால் அது தூங்காத சாவி. அப்படியானால் இரவில் அதை வாசல் ஆணியில் மாட்டாமல், சமிக்ஞையைத் தடுக்கும் உறையில் போட்டு உள்ளறையில் வையுங்கள். உறை நிஜமாகவே தடுக்கிறதா என்று, சாவியை அதில் போட்டுக் காரருகே நின்று பார்த்துவிடுங்கள். மாற்றுச் சாவியையும் மறக்க வேண்டாம். அலமாரியில் கிடந்தாலும் அதுவும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.