995 யாருடையது?

நெஞ்சுவலிக்கும் தீ விபத்துக்கும் சிங்கப்பூரில் நாம் அழைப்பது ஒரே எண், 995. வரும் ஆம்புலன்ஸ் குடிமைத் தற்காப்புப் படையுடையது. அப்படை உள்துறை அமைச்சின் கீழ் உள்ளது, சுகாதார அமைச்சின் கீழன்று. 1977-இல் தீயணைப்புத் துறை ஏற்ற பொறுப்பு இது. 1989-இல் அத்துறை இப்படையோடு இணைந்தது.

நன்மை தெளிவு. வாகனத்தடியில் சிக்கியவரை மீட்பவரும் நாடி பார்ப்பவரும் ஒரே படையினர். சங்கடமும் உண்டு. 2013 டிசம்பர் 8 இரவு, லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழகத் தொழிலாளி இறந்தார். உயிர் பிரிந்ததைப் படையினர் அறிந்தனர், கூட்டம் அறியவில்லை. ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் அவர்கள் காத்ததைக் கண்டு, அடிபட்டவரைக் கைவிட்டார்களே என்று கொதித்தது. ஆம்புலன்ஸும் எரிந்தது!

சேவை படையிடமே இருக்கட்டும் என்போம். ஆனால் நிலைமையைக் கூட்டத்தின் மொழியில் சொல்லவும் அதில் ஒருவர் வேண்டும்.