ரெண்டு நாள் எடுக்காதே
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பழைய நினைவுகளைப் பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னார். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் விடுதி சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் ஒரு பொம்மை விமானத்தைப் பற்றிப் பேசுகிறேன். மேசை மேல் இருக்கும் அந்த அட்டைப் பெட்டிக்குள் இருப்பது அதுதான்.

1976ஆம் வருஷம். ஓசூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இன்றைய ஓசூரை வைத்து அன்றைய ஊரை நினைக்காதீர்கள். சிப்காட் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. லேலண்டும் வரவில்லை, டைட்டனும் வரவில்லை. ஆனால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் எச்.ஏ.எல். இருந்தது. 1961இல் மாருத் போர் விமானத்தையும், 1964இல் கிரண் பயிற்சி விமானத்தையும் முதன்முதலாகப் பறக்கவிட்ட இடம். வானத்தில் சத்தம் கேட்டால் போதும், நானும் என் நண்பனும் புத்தகப் பையைப் போட்டுவிட்டு மலைக்கோயில் படிக்கட்டுக்கு ஓடுவோம்.

அந்த வருஷம் அப்பா பெங்களூரிலிருந்து ஒரு விமானப் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே பால்சா மரத் தகடுகள், மெல்லிய டிஷ்யூ காகிதம், பிளாஸ்டிக் விசிறி, ரப்பர், ஒரு பெரிய வரைபடம். பால்சா தென் அமெரிக்காவில், ஈக்வடார் பக்கம் வளர்கிற மரம். நம் தேக்கின் எடையில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. கையில் வைத்தால் ஏதோ வைத்திருக்கிறோம் என்றே தெரியாது.

பெட்டி என்னுடையது. ஆனால் கை அவனுடையது. எனக்குப் பிளேடு பிடித்தால் விரல்தான் அறுபடும். அவன் ஒவ்வொரு ரிப்பாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, வரைபடத்தின் மேல் வைத்துக் குண்டூசி குத்தி ஒட்டுவான். இறக்கைக்குக் காகிதம் ஒட்டி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் டோப் பூச வேண்டும். டோப் காயும்போது காகிதத்தை இழுத்துப் பிடித்து மத்தளம் மாதிரி விறைப்பாக்கும். அந்த இழுப்பில் மரமும் கூடவே வளையும். அதனால் நன்றாகக் காயும் வரை இறக்கையைப் பலகையை விட்டு எடுக்கக் கூடாது.

பூசி முடித்துக் கிளம்பும்போது, "டேய், ரெண்டு நாள் பலகையிலயே கெடக்கட்டும். தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரியே எல்லோரும் தூங்கின பிறகு குண்டூசிகளைப் பிடுங்கி, இறக்கையை உடம்பில் மாட்டிப் பார்த்தேன். அழகாக இருந்தது. பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். விடியற்காலையில் எழுந்து பழையபடி பலகையில் குத்தி வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் பறக்கவிடுவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் ரப்பரை 60 சுற்று சுற்றி விட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் போனது. மறுநாள் கொடியேற்றம் முடிந்ததும் அவன் 200 சுற்று சுற்றினான். கையை விட்டுக் கிளம்பிய விமானம் வலது பக்கம் சாய்ந்து, திருகிக்கொண்டே போய் விருந்தினர் மேசையில் மூக்கைக் குத்தியது. தண்ணீர் டம்ளர்கள் உருண்டன. "யார்ரா சுத்தினது? அளவு தெரியாமச் சுத்திட்டான்" என்று வாத்தியார் அவன் காதைப் பிடித்தார். பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போதே இடது இறக்கையில் கோணல் தெரிந்தது. இன்று கணக்காகச் சொல்ல முடியும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தக் கோணலின் விசை நாலு மடங்காகும். 60 சுற்றில் ஒளிந்திருந்த தப்பு 200 சுற்றில் வெளியே வந்துவிட்டது. சுற்றியவன் மேல் குற்றமே இல்லை.

அதற்குப் பிறகு அவன் பிளேடைத் தொடவில்லை. மூன்று வருஷம் கழித்து இதே கல்லூரிக்கு வந்தோம், ஒரே அறையில் இருந்தோம். விமானப் பேச்சு வந்தால், "எனக்கு அதெல்லாம் கை வராதுடா" என்பான். அவனுக்கா கை வராது!

சென்ற வருஷம் வீட்டை மாற்றும்போது பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியது. பழைய ஆசைதான், திரும்பக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரைபடத்தை விரித்தால், ஓரத்தில் பென்சிலில் அவன் கையெழுத்து: 'ரெண்டு நாள் எடுக்காதே.' இடது இறக்கையை மேசையில் வைத்தேன். முன்விளிம்பு நுனியில் கால் அங்குலம் தூக்கி நின்றது. ஐம்பது வருஷம் ஆகியும் அந்த ராத்திரி அப்படியே இருந்தது.

மூக்கையும் வலது இறக்கையில் இரண்டு ரிப்பையும் புதிதாக அறுத்தேன். பழைய காகிதத்தை உரித்து, கோணலை இட்லிக் குண்டான் ஆவியில் காட்டி எதிர்ப்பக்கம் முறுக்கிப் பலகையில் குத்தினேன். புதுக் காகிதம் ஒட்டி டோப் பூசினேன். இந்தத் தடவை ஒரு வாரம் தொடவில்லை.

தம்பி தங்கைகளே, தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் ஓடுபாதையோடு தனேஜா ஏரோஸ்பேஸ் இருக்கிறது. நம் நாட்டின் ஹன்சா பயிற்சி விமானங்களை அங்கே கட்டினார்கள். ஹன்சா கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த காம்போசிட் உடம்பு. அதிலும் இதே விதிதான். இறுகும் முன் அச்சிலிருந்து எடுத்தால் கோணிக்கொள்ளும். 2024இல் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. உங்களில் சிலர் நிஜ விமானத்திலேயே கை வைப்பீர்கள். அவசரத்தில் தப்பு நடக்கும். நடந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாத தப்பை இன்னொருவன் சுமந்துகொண்டு போகிறான்.

அந்த இன்னொருவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது தலையைக் குனிந்துகொண்டான், பாருங்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது.

டேய், அன்னிக்கு நீ சுத்தினது சரிதான். இறக்கையை ராத்திரியே எடுத்தவன் நான். அம்பது வருஷம் கழிச்சுச் சொல்றேன், மன்னிச்சுக்கோ.

ரப்பர் புதுசு. நான் இன்னும் ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. சாயங்காலம் காபி முடிந்ததும் எல்லோரும் மைதானத்துக்கு வாருங்கள். 200 சுற்று. அவன்தான் சுற்ற வேண்டும்.