வணிகமும் வாசகமும்: சீன முதலீட்டை நாம் படிக்க வேண்டிய முறை



மொழி மன்ற மேடையில் பொருளியல் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. கடன், வட்டி, ஈடு, தவணை ஆகிய யாவும் ஓர் உடன்படிக்கையின் வாசகத்தில் எழுத்தாக இருப்பவை. அந்த வாசகத்தைப் படித்தறியாதவன் அதன் விளைவை மட்டும் அனுபவிக்கிறான்.

நாம் கூடியிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானே இதற்கு முதற்பாடம். அவசரகாலத்தில் செர்டாங் புதுக்கிராமமாக உருவான ஊர் இது. சீனர்தம் முதலும் உழைப்பும் இவ்வட்டாரத்தின் ஈய லம்பங்களை வளர்த்தன. தமிழர்தம் உழைப்பு இரப்பர்த் தோட்டங்களையும் இரயில் பாதையையும் உருவாக்கியது. பின்னர்ச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்க இயலாமல் முறிந்தபோது, நாடெங்கும் எஞ்சியிருந்தவற்றுள் பலவும் மூடப்பட்டன. ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஹோங் ஃபாட் சுரங்கத்தின் பெருங்குழி, இன்று மைன்ஸ் ஏரியாக நம் கண்முன் கிடக்கிறது. முதலீடு வந்து சென்ற பின் ஊரில் எஞ்சுவது என்ன? இன்றைய சீன முதலீட்டை அளப்பதற்கும் இவ்வினாவே உரைகல்.

சீனத்தோடு வணிகம் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. சோழர்தம் தூதுக் குழுக்கள் சீனப் பேரரசின் அவைக்குச் சென்றன. சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பும் அளவிற்குத் தமிழ் வணிகர் வேரூன்றியிருந்தனர். கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கையில் நிறுத்திய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்தது. 1911 இல் காலி நகரில் அது கண்டெடுக்கப்பட்டது. சீனியும் சீனச்சட்டியும் சீனவெடியும் அவ்வுறவு நம் நாவில் விட்டுச் சென்ற தடங்கள். அன்று இந்தியப் பெருங்கடலில் வணிகம் பேசிய மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1974 மே 31 ஆம் நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக், சீனப் பிரதமர் சூ என்லாய் இருவரும் அரசதந்திர உறவுக்கான கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். 2009 முதல் மலேசியாவின் மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனமே. நம் மின்னணுப் பொருளும் செம்பனை எண்ணெயும் அங்குச் செல்கின்றன. இயந்திரமும் உதிரிப்பாகமும் அங்கிருந்து வருகின்றன. ஆகவே சீனத்தில் ஆலைகளின் வேகம் குறைந்தால், பினாங்கின் ஆலையிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அதன் தாக்கம் தெரிகிறது.

முதலீட்டின் இயல்பை விளக்கக் கிழக்குக் கரை இரயில் பாதையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. கட்டுமானம் சீனத் தொடர்புக் கட்டுமான நிறுவனத்திடம். கடன் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம். பணி தருவோரும் பணம் தருவோரும் ஒரே நாட்டினராய் அமைவது இவ்வகைத் திட்டங்களின் பொதுப்பண்பு. 65.5 பில்லியன் ரிங்கிட் என மதிப்பிடப்பட்ட அத்திட்டம் 2018 இல் நிறுத்தி வைக்கப்பட்டது. மறுபேச்சுக்குப் பின், 2019 ஏப்ரலில் 44 பில்லியன் என உடன்பாடு ஆயிற்று. கட்டடப் பணிகளில் உள்நாட்டார் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. பாதையை இயக்கும் பொறுப்பும் இருதரப்புக் கூட்டு நிறுவனத்திற்கு என வகுக்கப்பட்டது. பின்னர் வழித்தடம் மாறி, 665 கிலோமீட்டராகவும் 50.27 பில்லியன் ரிங்கிட்டாகவும் திட்டம் திருத்தப்பட்டது. கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை நீளும் பாதை அது.

இதில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பங்காளி மாறவில்லை, கடன் தந்த நாடும் மாறவில்லை. மாறியது வாசகம். வாசகம் மாறியதால் பல பில்லியன் ரிங்கிட் மிஞ்சியது. உள்நாட்டுக் குத்தகையாளர்க்கு வழி விரிந்தது. எனவே சீன முதலீடு நன்மையா தீமையா எனக் கேட்பதில் பயன் சிறிது. எந்த நிபந்தனையில், எவர்க்குப் பங்கு என்பதே கேட்கத்தக்க வினா.

புரோட்டோன் நிறுவனத்தின் வரலாறும் இதையே காட்டும். 2017 இல் சீனத்தின் ஜீலி அதன் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. பெரும்பங்கு மலேசியர் கையிலேயே தங்கியது. 2018 இறுதியில் அறிமுகமான எக்ஸ்70 வாகனம் முதலில் சீனத்திலிருந்து முழுவடிவில் இறக்குமதி ஆயிற்று. 2020 இல் தஞ்சோங் மாலிமில் பொருத்தப்படலாயிற்று. விற்பனை மட்டும் வருவதும் தொழில் வருவதும் ஒன்றல்ல என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. எனினும் எத்தனை உதிரிப்பாகம் இங்கே செய்யப்படுகிறது, எத்தனை இளைஞர் வடிவமைப்புக் கற்கின்றனர் என்னும் வினாக்களை நாம் தொடர்ந்து எழுப்புதல் வேண்டும்.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை இங்கே பலரும் எச்சரிக்கையாகச் சுட்டுவர். 2017 இல் அது 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திற்குச் சென்றது உண்மை. ஆயினும் அந்நாட்டை நெருக்கிய வெளிக்கடனில் பன்னாட்டுச் சந்தைப் பத்திரங்களின் பங்கு சீனக் கடனினும் பெரிது என்பதும் உண்மை. ஒரு நாட்டின் மீது பழி சுமத்தி அமைதி கொள்வோர், தம் வீட்டுக் கணக்கைப் பார்க்க மறந்துவிடுகின்றனர்.

பெருந்திட்டங்களை விட்டுச் சிறுகடைகளுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் தீபாவளிக்கு விற்கும் அலங்காரப் பொருள்களுள் பல சீனத்தில் செய்யப்பட்டவை. முன்பு நம் வணிகர் அவற்றை மொத்தமாக வாங்கி விற்றுப் பிழைத்தனர். இன்று வாங்குவோரே கைப்பேசி வழியாகச் சீன ஆலையிலிருந்து நேரே தருவிக்கின்றனர். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்கள் மீது 2024 சனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி நடப்பில் உள்ளது. அது கடைக்காரர்க்குச் சிறிது மூச்சுவிட இடம் தரும், வாழ்வு தராது. தரம் அறிந்து தெரிவு செய்தல், தைத்துத் திருத்திக் கொடுத்தல், பழுதுற்றால் பொறுப்பேற்றல் ஆகியவற்றைத் தொலைவிலுள்ள ஆலை எளிதில் தர இயலாது. நம் கடைகள் நிற்க வேண்டிய இடம் அதுவே.

மொழி மன்றம் செய்யத்தக்க பணி இங்கேதான் தொடங்குகிறது. நம் சிறுவணிகர்க்கும் குத்தகையாளர்க்கும் ஒப்பந்தச் சொற்களைத் தமிழில் விளக்கும் எளிய கையேடு ஒன்று வேண்டும். பிணை, ஈடு, தாமதத் தண்டம், இணக்கத் தீர்ப்பு ஆகிய சொற்கள் கையொப்பமிடும் முன் விளங்க வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவருள் விருப்பமுடையோர் மாண்டரின் கற்கவும் வழி காணல் வேண்டும். அதனால் தமிழ் குன்றாது. பிறர் மொழியையும் அறிந்து, தம் மொழியிலும் கல்வெட்டுப் பொறித்த சுவான்சோ வணிகரே அதற்குச் சான்று.

இரயில் பாதை கிள்ளானை எட்டும் நாளில், அதன் ஓரத்தில் கூலியாக மட்டும் நம் மக்கள் நிற்றல் ஆகாது. குத்தகையாளராக, பொறியாளராக, கணக்கராக, வாசகத்தைப் படித்து வினவும் குடிமக்களாக நிற்றல் வேண்டும். அதற்கான ஆயத்தத்தை இம்மன்றம் இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டி அமைகிறோம்.